தயானியின் வாய்க்குள் போனதெல்லாம்

பலேர்மோவுக்கு வந்த பன்னிரண்டாம் ஆண்டில் தயானி பாலசுந்தரம் வென்றெடுத்தவை பின்வருமாறு. இருநூறைத் தொட்டுக்கொண்டு நின்ற இரத்தப் பரிசோதனை இலக்கம் எட்டுக்கு இறங்கியது. பத்துக்குக் கீழே வந்தால் போதும் என்றுதான் வைத்தியர் கேட்டிருந்தார். இவள் இரண்டு மிச்சம் பிடித்துக் கொடுத்தாள். ஏழு தசம் ஒன்பதில் படுத்துக் கிடந்த ஹீமோகுளோபின் பன்னிரண்டு தசம் நான்கில் எழும்பி உட்கார்ந்தது. முப்பத்தொன்பது கிலோ உடம்பு ஐம்பத்தொரு கிலோ ஆனது. வேலை செய்யும் வீட்டின் மூன்றாம் மாடிக்கு இடையில் நிற்காமல் ஏறும் மூச்சு திரும்பி வந்தது.

இவற்றை எவற்றோடு மல்லுக்கட்டி வென்றாள் என்பதையும் எழுத வேண்டும். ரோல்ஸ், பற்றீஸ், கொத்துறொட்டி, பிறந்தநாள் கேக். "ஒரு கடி கடிச்சா ஒண்டும் செய்யாது" என்று அவளுக்குச் சொன்ன நாற்பத்திரண்டு பேர். மெலிவதற்காகக் கோதுமையைத் தள்ளி வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் அதை மறுபடி அழைத்துக்கொள்ளும், வேலை வீட்டு எஜமானியான ஒரு சிஞ்ஞோரா. இவர்கள் எல்லாருக்கும் மேலாக, அவளுடைய சொந்த அண்ணன் விமலராஜ்.

இந்தக் கடைசிப் பெயரைக் கேட்டால் விமலராஜே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். தங்கச்சிக்காக அவர் செய்யாதது ஒன்றும் இல்லை. தகப்பன் பாலசுந்தரம் போனபின் புதுக்குடியிருப்பில் எஞ்சிய குடும்பத்துக்கு அவர்தான் மூத்தவர். எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பு. ஆனால் எட்டாம் வகுப்பு வரை படித்ததை ஒரு எழுத்துக்கூடச் சிந்தாமல் வைத்திருந்தார். 2010இல் பலேர்மோவுக்கு வந்து, துறைமுகத்தில் நேப்பிள்ஸ் கப்பலின் அறைகளைத் துப்பரவு செய்யும் வேலையில் சேர்ந்தார். அவர் விரித்த படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்ததாக இதுவரை எந்தப் பயணியும் முறையிடவில்லை. 2013இல் தங்கையையும் அவள் புருஷன் ரஜீவனையும் வரவழைத்தார். அன்று முதல் தயானியின் கடிதம், படிவம், சான்றிதழ், மருந்துத் துண்டு எல்லாம் அவருடைய பச்சைக் கோப்பில், திகதி வாரியாக, பிளாஸ்டிக் உறைக்குள் குடியிருந்தன. தயானி எங்கே போனாலும் கோப்பும் போகும். கோப்பு போனால் அவரும் போவார்.

2022 வைகாசி அளவில் தயானிக்குச் சாப்பாடு தங்காமல் போகத் தொடங்கியது. வயிறு ஊதும், கழியும், வாய்க்குள் புண் வரும். படியில் தலை சுற்றும். தமிழ்ச் சனத்துக்குள் வைத்தியம் படித்தவர்கள் ஒருவரும் இல்லை. வைத்தியம் சொல்லாதவர்களும் ஒருவரும் இல்லை. விமலராஜின் மனைவி விஜிதா வாய்வு என்றாள். எங்கள் சனம் கூடும் மண்டபத்தில் சமையலுக்குத் தலைமை தாங்கும் லூர்து அக்கா கண்ணூறு என்றாள். பிறகு யோசித்து, கண்ணூறு படுகிற அளவுக்குத் தயானியிடம் ஒன்றும் இல்லையே என்று தானே அதை வாபஸ் வாங்கினாள். அதற்குப் பதிலாக, பலேர்மோவின் காவல் புனிதை சாந்தா ரோசாலியாவின் மலைக்கு வெறுங்காலில் ஏறும் நேர்த்திக்கடன் ஒன்றைத் தயானியின் பெயரில் தானே வைத்துவிட்டாள். தயானி பாதி மலை ஏறினாள். மீதிப் பாதிக்கு இரண்டு கன்னியாஸ்திரிகள் அவளைத் தாங்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை கீழே இறங்கினார்கள்.

விமலராஜ் இந்தக் கூத்துகளில் சேரவில்லை. அவர் நிதானமான மனிதர். வன்னியில் வயிற்றுக்கு என்ன வந்தாலும் கொடுப்பது எதுவோ அதையே கொடுத்தார்: மோரில் கரைத்த பெருங்காயம். மக்வேதா வீதிக்குப் பின்னால் உள்ள எங்கள் ஆட்களின் கடையில், இருப்பதிலேயே பெரிய மஞ்சள் தகர டப்பாவை வாங்கினார். காலை ஏழு மணி, பகல் ஒரு மணி, இரவு எட்டு மணி. அரைத் தேக்கரண்டி, தட்டி மட்டம் பார்த்தது. வேலையில் இருந்தாலும் தொலைபேசி எடுத்துக் கேட்பார்.

"பிள்ளை, கரைச்சனியோ?"

"கரைச்சுக் குடிச்சிட்டன் அண்ணை."

"அடியிலை தங்கவிடாமல் கலக்கினனியோ?"

"ஓம் அண்ணை, ஓம்."

கார்த்திகையில் சிஞ்ஞோராவின் வீட்டுப் படியில் மயங்கி விழுந்தபின்தான் தயானி வைத்தியசாலைக்குப் போனாள். இரத்தம் எடுத்தார்கள், குழாய் விட்டுப் பார்த்தார்கள். வைத்தியர் சொன்ன பெயர் செலியாக்கியா. கோதுமை, பார்லி, றை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்று ஒன்று இருக்கிறது. அது உள்ளே போகப் போக இவளுடைய உடம்பே இவளுடைய குடலை அரிக்கிறது. இதற்கு மாத்திரை இல்லை, ஊசி இல்லை. அந்தத் தானியங்களை வாழ்நாள் முழுக்க விட வேண்டும். பாணின் ஒரு துகள்கூடக் கூடாது.

விமலராஜ் கோப்பை மூடிவிட்டுச் சிரித்தார். வைத்தியருக்கு ஆறுதலும் சொன்னார். "டொத்தோரே, நீங்கள் பயப்பட வேண்டாம். நாங்கள் சோறு தின்னுற சனம்."

வெளியே வந்ததும் தயானி அவரைப் பார்த்தாள். "அண்ணை, காலமை என்ன சாப்பிட்டனாங்கள்?"

"புட்டு."

"என்ன மாவிலை?"

விமலராஜ் நடந்துகொண்டே யோசித்தார். அவித்த கோதுமை மா. நேற்று இரவு இடியப்பம், அதுவும் அதே மா. முந்தின நாள் தோசை; உழுந்தோடு பாதிக்குப் பாதி கோதுமை மா. அதற்கு முந்தின நாள் றொட்டி. அதற்கும் முந்தினநாள் பாணும் சம்பலும். சோறு தின்னும் சனம் கடைசியாக எப்போது சோறு தின்றது என்று பார்த்தால் அது ஞாயிற்றுக்கிழமையாக இருந்தது.

அன்று பின்னேரமே அவர் களத்தில் இறங்கினார். தயானியின் சமையலறையில் இருந்த மாவெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வெளியே போயிற்று. அரிதட்டு, இடியப்ப உரல், நீத்துப்பெட்டி, மரக்கரண்டி எல்லாம் விஜிதாவின் வீட்டுக்கு மாற்றப்பட்டன. புதுப் பானை, புது அகப்பை, சிவப்பு நாடா கட்டிய தனிக் கோப்பை. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் பதினேழு விதிகள் எழுதி ஒட்டினார். கடையில் எந்தப் பொருளை எடுத்தாலும் கண்ணாடியைப் போட்டு அதன் முதுகைப் படித்தார். உப்பைப் படித்தார், சீனியைப் படித்தார், ஒருநாள் தண்ணீர்ப் போத்தலையும் படித்தார். ரஜீவன் மனைவிக்குத் துணையாகத் தானும் பாண் சாப்பிடுவதில்லை என்று எல்லாருக்கும் முன்னால் சத்தியம் செய்தான். அவன் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தில் பாத்திரம் கழுவுபவன். வேலை முடிந்து வரும்போது அவன் மீசையில் எப்போதும் பொரித்த ரஸ்க் தூள் ஒட்டியிருந்தது. அது வேலையிடத்துத் தூசி என்று சொன்னான்.

தயானி மட்டும் சத்தம் போடாமல் வேலையைப் பார்த்தாள். பச்சரிசியை ஊறவைத்து இடித்து வறுத்தாள். முதல் புட்டு கல்லாக வந்தது, இரண்டாவது கூழாக வந்தது, ஐந்தாவது புட்டாக வந்தது. கேழ்வரகு என்கிற குரக்கன் மா தேடிப் பிடித்தாள். பலேர்மோக்காரர் பொரித்து விற்கும் கடலை மாப் பலகாரம் தனக்கு ஆகும் என்று கண்டுபிடித்தாள். அதே எண்ணெயில் வேறொன்றும் பொரிக்கிறார்களா என்று ஒவ்வொரு வண்டிக்காரனிடமும் கேட்டாள். அவளுடைய இத்தாலியன் அண்ணனுடையதைவிட நல்லது. ஆனால் அண்ணன் பக்கத்தில் இருக்கும்போது அது வெளியே வர இடம் கிடைப்பதில்லை.

இரண்டாவது கிழமையில் சாந்தா லூச்சியாவின் திருநாள் வந்தது. அன்றைக்கு பலேர்மோ நகரம் முழுவதும் பாணும் பாஸ்தாவும் தொடுவதில்லை. தயானி வேலை செய்யும் வீட்டுச் சிஞ்ஞோரா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். தானும் ஆறு மாதமாக குளூட்டன் விட்டவள் என்றும், விட்ட நாள் முதல் மூளை கண்ணாடிபோல் துலங்குகிறது என்றும் சொன்னாள். "இன்றைக்கு நகரமே உன்னைப் போலத்தான், தயானி! நீ தனி ஆள் இல்லை!" என்று ஒரு கிண்ணத்தை நீட்டினாள். திருநாளுக்கென்று செய்யும் இனிப்பு. பாலாடையில் மிதந்தது முழுசு முழுசாக அவித்த கோதுமை.

"சிஞ்ஞோரா, இது கோதுமை."

"ஆனால் மா இல்லையே, கண்ணே. முழுத் தானியம். அதற்குள் குளூட்டன் இன்னும் உருவாகியிருக்காது."

தயானி கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்தாள். துலங்கிய மூளையுள்ளவர்களோடு வாதாட அவளுக்கு ஹீமோகுளோபின் போதவில்லை.

சனத்துக்குள் செய்தி பரவியபோது இன்னொரு வேடிக்கை நடந்தது. இந்த நோய் உள்ளவர்களுக்குச் சுகாதாரப் பகுதி மாதாமாதம் உணவுச் சீட்டு கொடுக்கிறது என்பது தெரிய வந்தது. அதே மாதத்தில் மூன்று குடும்பங்களுக்கு வயிற்று நோவு வந்தது. அதற்கு முதலில் குழாய் விட்டுப் பார்ப்பார்கள் என்பது தெரிய வந்ததும் மூன்று குடும்பங்களுக்கும் சுகமாகிவிட்டது.

அடுத்த தை மாதம் லூர்து அக்காவின் மகள் றம்யாவின் பிறந்தநாள். மண்டபத்தில் ரோல்ஸ் தட்டு நேராகத் தயானியிடம் வந்தது. தட்டின் பின்னால் லூர்து அக்கா வந்தாள்.

"எடும் பிள்ளை."

"வேண்டாம் அக்கா. எனக்கு ஆகாது."

"என்ன ஆகாது? இது நான் என்ரை கையாலை செய்தது. கடையிலை வாங்கினதே?"

"அதில்லை அக்கா. மா..."

"அப்ப தோலை உரிச்சுப்போட்டு உள்ளுக்கை இருக்கிறதைச் சாப்பிடும். இறைச்சிக்கு என்ன வருத்தமே?"

பக்கத்தில் இருந்த ஒரு கிழவர் உதவிக்கு வந்தார். "ஷெல்லடிக்கை மாவைத் தண்ணியிலை கரைச்சுக் குடிச்சு உயிர் தப்பின சனம் நாங்கள். இப்ப இத்தாலிக்கு வந்த உடனை மா பிடிக்கேல்லையாம்."

தயானிக்குக் கண் கலங்கியது. அந்த மாவைக் கரைத்துக் குடித்தவர்களில் அவளும் ஒருத்தி. விமலராஜ் இடையில் எழுந்தார். சட்டைப்பையில் இருந்து மடித்த தாளை எடுத்து, பதினேழு விதிகளையும் மண்டபத்துக்கு வாசித்தார். ஒன்பதாவது விதியில் கேக் வெட்டிவிட்டார்கள். ஆனாலும் அவருக்குத் திருப்தி. வீட்டுக்கு வந்ததும் தங்கை அழுததற்கும் வயிறு கலங்கியதற்கும் சேர்த்து ஒரு தேக்கரண்டி நிறையவே பெருங்காயம் கரைத்துக் கொடுத்தார்.

ஆறு மாதம் கழித்து, 2023 வைகாசியில், இரத்தம் பார்த்தார்கள். இருநூறைத் தொட்டிருந்த இலக்கம் இப்போது நூற்று எண்பத்தெட்டு. சிலருக்கு மெதுவாகத்தான் இறங்கும், பொறுங்கள் என்றார் வைத்தியர். கார்த்திகையில் மறுபடி பார்த்தார்கள். நூற்றுத் தொண்ணூற்றொன்று.

இந்தமுறை வைத்தியர் பொறுக்கச் சொல்லவில்லை. ஒரு வருடம் கோதுமை உள்ளே போகாமல் இருந்தும் இலக்கம் ஏறுகிறது என்றால் இரண்டில் ஒன்று என்றார். ஒன்று, கோதுமை போகிறது. அல்லது, இது பத்தியத்துக்கு அடங்காத கெட்ட வகை. பங்குனி வரை பார்ப்போம். காரணம் அகப்படாவிட்டால் வைத்தியசாலையில் படுக்க வேண்டும், மறுபடி குழாய் விட வேண்டும், கடுமையான மருந்து தொடங்க வேண்டும். அந்தக் கெட்ட வகை எங்கே கொண்டுபோய் விடக்கூடும் என்று தயானி கேட்டாள். வைத்தியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார். விமலராஜ் அந்தப் பதிலைத் தமிழாக்கவில்லை. தயானிக்குத் தமிழாக்கம் தேவைப்படவும் இல்லை.

அன்று பின்னேரம் விமலராஜின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் விசாரணை நடந்தது. விஜிதா தேநீர் ஊற்றினாள். ரஜீவன் மீசையைத் துடைத்துக்கொண்டு மூலையில் இருந்தான்.

"தயா," என்றார் விமலராஜ், "நான் ஒண்டும் ஏசமாட்டன். உண்மையைச் சொல்லு. எங்கையாவது களவாய்ச் சாப்பிடுறனியோ?"

"என்ன அண்ணை கதைக்கிறீங்கள்?"

"சிஞ்ஞோரா வீட்டிலை பிஸ்கற், கிஸ்கற்?"

"ஒண்டும் இல்லை."

"மனுசருக்கு ஆசை வாறது பிழையில்லை. மறைக்கிறதுதான் பிழை."

விஜிதா குறுக்கிட்டாள். "இஞ்சை பாருங்கோ, அவளைப் பாத்தால் களவாய்த் தின்னுற ஆள் மாதிரியே கிடக்கு? எலும்பு தெரியுது. களவாய்த் தின்னுறவர் ஆரெண்டு மீசையைப் பாத்தாலே தெரியும்."

ரஜீவன் தேநீரில் மூழ்கினான்.

"அப்ப இலக்கம் ஏன் ஏறுது?" என்றார் விமலராஜ். "என்ரை கவனிப்பிலை ஒரு ஓட்டை இல்லை. உப்பு வரைக்கும் பாத்து வாங்கித் தாறன். அப்ப பிழை எங்கை? உன்னட்டைத்தானே இருக்கவேணும்?"

தயானி அவர் பக்கம் திரும்பினாள். "ஒரு வருசமாய் ஒரு துண்டுப் பாண் மணந்து பாக்கேல்லை அண்ணை. றம்யாவின்ரை கேக்கை வெட்டேக்கை மூச்சைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். நீங்களே நம்பேல்லை எண்டால் வேறை ஆர் நம்பப் போகினம்?" என்றாள். தேநீரைக் குடிக்காமல் எழும்பிப் போனாள்.

விமலராஜுக்கு அன்று நித்திரை வரவில்லை. தங்கை பொய் சொல்லமாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். தன் கவனிப்பில் ஓட்டை இருக்காது என்பதும் தெரியும். இந்த இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருந்தால் மீதியிருப்பது அந்தக் கெட்ட வகைதான். விடிந்ததும் அவளுக்குத் தொலைபேசி எடுத்தார். மன்னிப்புக் கேட்கத்தான் எடுத்தார். வாய் திறந்ததும், "கரைச்சனியோ?" என்று வந்தது.

தை மாதம் அவர்களை உணவு ஆலோசகர் ஒருவரிடம் அனுப்பினார்கள். இளம் பெண், பேச்சில் கடலோரத்துச் சிசிலி. பதினான்கு நாள் உணவுக் குறிப்பேடு ஒன்றைக் கொடுத்து, தினமும் சாப்பிட்டதை எழுதி, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்து வைத்துக் கொண்டுவரச் சொன்னார். குறிப்பேடு நேராகப் பச்சைக் கோப்புக்குள் போயிற்று. படிவம் என்றால் அது விமலராஜின் இலாகா. தயானி தொலைபேசியில் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். நீல மையில், கோடு போட்டு, நேரம் குறித்து. காலை: அரிசி மாப் புட்டு, நூற்றைம்பது கிராம். பகல்: சோறு, பருப்பு, கீரை. அடியில் கையெழுத்தும் அவரே வைத்தார்.

கையெழுத்து விஷயத்தை இங்கே விளக்க வேண்டும். தயானி அதுவரை கையெழுத்தே வைக்காதவள் அல்லள். குவெஸ்தூரா என்னும் பொலிஸ் அலுவலகத்திலும் நகரசபையிலும் அண்ணனின் விரல் எங்கே நிற்கிறதோ அங்கே கீறினாள். அந்தக் கீறலையும் அண்ணன்தான் வடிவமைத்துக் கொடுத்திருந்தார்: ஒரு நேர்கோடு, அதன்மேல் ஒரு அலை. மேலே எழுதியிருப்பது என்ன என்று அவள் கேட்டதில்லை, அதை வாசிக்க அவர் நேரம் விட்டதும் இல்லை. போகப் போக அலையை அவரே அவளைவிட அழகாகப் போடப் பழகிவிட்டார். கப்பல் அறையில் தலையணை வைப்பதுபோல, தான் செய்தால் வேலை சுத்தம் என்பது அவர் எண்ணம்.

மாசியில் ஆலோசகர் குறிப்பேட்டைப் புரட்டினார். பதினான்கு பக்கமும் பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார்.

"இது ஒரு புனிதையின் சாப்பாடு," என்றார். "யார் எழுதியது?"

"நான்தான்," என்றார் விமலராஜ் பெருமையோடு.

"சாப்பிட்டதும் நீங்களா?"

விமலராஜுக்குக் கேள்வி விளங்கவில்லை. ஆலோசகர் புதிய குறிப்பேடு ஒன்றை எடுத்தார். அதை அவருக்கு நீட்டாமல் மேசையைச் சுற்றி வந்து தயானியின் மடியில் வைத்தார். "நீங்கள் எழுதுங்கள். எந்த மொழியிலும் எழுதுங்கள். சாப்பாட்டை மட்டும் அல்ல. வாய்க்குள் போவது எல்லாம். மருந்து, இனிப்பு, பற்பசை, உதட்டுச் சாயம், எல்லாம்."

"பற்பசையைச் சாப்பிடுறதில்லை எண்டு சொல்லு," என்றார் விமலராஜ்.

"விளங்கினது அண்ணை," என்றாள் தயானி. அவர் பக்கம் திரும்பாமலே சொன்னாள். ஆலோசகரைப் பார்த்து, இத்தாலியனில், "எல்லாம் எழுதுகிறேன்" என்றாள்.

அந்தப் பதினான்கு நாளும் விமலராஜுக்குச் சோதனைக் காலம். குறிப்பேடு தயானியின் கைப்பையில் இருந்தது. எழுத்துப் பிழை பார்க்கவாவது தருவாளா என்று கேட்டார். தரவில்லை. ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியபின் அவள் தொடர்ச்சியாக எழுதுவது இதுதான் முதல் தடவை. முதல் நாள் எழுத ஒரு மணி நேரம் எடுத்தது. பத்தாம் நாள் இருபது நிமிடம். தமிழிலேயே எழுதினாள். இடையிடையே சிஞ்ஞோராவின் வீட்டு அலுமாரிகளில் பார்த்துப் பழகிய இத்தாலியச் சொற்களையும் அதே எழுத்தில் போட்டாள். ஒன்பதாம் நாளில் அரைப் பக்கம் அடித்துத் திருத்தியிருந்தாள். அதை வேறு தாளில் அழகாக எழுதித் தருகிறேன் என்று ரஜீவன்கூடச் சொன்னான். அடித்தது அடித்தபடியே இருக்கட்டும் என்றாள்.

குறித்த நாளில் மூவரும் போனார்கள். ரஜீவன் வேலைக்கு லீவு போட்டு வந்திருந்தான். அன்றைக்குத்தான் வைத்தியசாலையில் படுப்பதா இல்லையா என்பது தெரியும். மீசையைச் சிரைத்திருந்தான். விமலராஜ் கோப்போடு ஒரு துணிப்பையும் கொண்டுவந்தார்.

தயானி குறிப்பேட்டைத் திறந்து, தமிழில் எழுதியதை இத்தாலியனில் வாசித்தாள்.

"முதலாம் நாள். காலை ஆறேமுக்கால், பற்பசை. ஏழு மணி, மோரில் கரைத்த பெருங்காயம், அண்ணன் தந்தது. ஏழரை, அரிசி மாப் புட்டு, வாழைப்பழம். ஒரு மணி, பெருங்காயம், அண்ணன் தந்தது. ஒன்றரை, சோறு..."

"கொஞ்சம் நில்லுங்கள்," என்றார் ஆலோசகர். "ஏழு மணிக்கு என்ன?"

தயானிக்கு அதன் இத்தாலியப் பெயர் தெரியவில்லை. ஒரு செடியின் பிசின், வயிற்றுக்கு நல்லது, பொடியாக வரும் என்று விளக்கினாள்.

"முதல் குறிப்பேட்டில் இது இல்லையே?"

விமலராஜ் முன்னால் சாய்ந்தார். "சிஞ்ஞோரா, அதில் நீங்கள் கேட்டது சாப்பாடு. இது சாப்பாடு இல்லை, மருந்து. எங்கள் நாட்டு மருந்து. ஒன்றரை வருடத்துக்கு மேலாக ஒரு நேரமும் தவறவிடாமல் கொடுக்கிறேன். நாளுக்கு மூன்று தரம்."

"அதைப் பார்க்க முடியுமா?"

முடியாமல் என்ன? பகல் ஒரு மணி வேளைக்காகத் துணிப்பையில் தயாராகத்தான் இருந்தது. இத்தனை நாளில் ஒரு வைத்தியராவது அதைப் பற்றிக் கேட்டாரே என்ற மகிழ்ச்சியோடு விமலராஜ் மஞ்சள் டப்பாவை எடுத்து, துணியால் ஒரு தரம் துடைத்து, மேசையில் வைத்தார்.

ஆலோசகர் டப்பாவைத் திருப்பினார். அதன் முதுகில், இறக்குமதி செய்தவர் ஒட்டிய சிறிய வெள்ளைத் தாளில், இத்தாலியனில் நாலு வரி இருந்தது. அதை வாசித்துவிட்டு, டப்பாவை விமலராஜின் பக்கம் நகர்த்தி, ஒரு சொல்லின் கீழ் பேனாவை வைத்தார்.

விமலராஜ் கண்ணாடியைப் போட்டார். உப்பைப் படித்த கண்ணாடி, தண்ணீரைப் படித்த கண்ணாடி. பிசின், மஞ்சள், பெருங்காயம். அவற்றுக்கெல்லாம் முதலாவதாக, அதாவது எல்லாவற்றிலும் கூடுதலாக: கோதுமை மா.

மூன்று தரம் வாசித்தார். ஒவ்வொரு தரமும் அது கோதுமை மாவாகவே இருந்தது.

"மருந்தை ஆர் வாசிச்சுப் பாப்பினம்?" என்று மெதுவாகச் சொன்னார்.

ஆலோசகர் விளக்கினார். தனிப் பெருங்காயம் கட்டியாகக் கடுமையாக இருக்குமாம். அதைப் பொடியாக்க மா கலப்பார்களாம். ஒரு பாண் துகளே கூடாது என்ற உடம்புக்குள் தினமும் மூன்று வேளை, தட்டி மட்டம் பார்த்து, கோதுமை போயிருக்கிறது. வயிறு எரிய எரியக் கூடுதலாகப் போயிருக்கிறது. நல்ல செய்தி என்னவென்றால், இது கெட்ட வகையாக இருக்க அவசியம் இல்லை. இன்றே நிறுத்துங்கள். வைத்தியருக்கு நான் எழுதுகிறேன், படுக்கை இப்போதைக்கு வேண்டாம், மூன்று மாதத்தில் இரத்தம் பார்ப்போம்.

ரஜீவன் சுவரோடு சாய்ந்து அழுதான். மீசை இல்லாத முகத்தில் அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. தயானி அழவில்லை. அண்ணனைப் பார்த்தாள்.

"தயா," என்றார் அவர். "அண்டைக்குப் பிழை உன்னட்டை எண்டு சொன்னனான்."

"ஓம்."

"பிழை என்ரை பையுக்கை கிடந்திருக்கு."

"இனி அதைக் கொண்டு திரியாதேங்கோ அண்ணை. விஜி மச்சாளுக்கு ரசத்துக்குக் குடுங்கோ. அவவுக்கு ஒண்டும் செய்யாது."

விமலராஜுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் பாதி வழியில் வேறொன்றாக மாறிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு பெண், பள்ளிக்கூடம் பாதியில் போனவள், பதினான்கு நாள் எழுதியதில் பெரிய வைத்தியர்களுக்கு ஒன்றரை வருடமாக அகப்படாதது அகப்பட்டுவிட்டது. அந்தப் பெண் தன் தங்கச்சி. அறைக்கு வெளியே போய், காத்திருந்த சனத்திடம் இதைச் சொல்ல வேண்டும் போல் இருந்தது. அவர்கள் சிசிலிக்காரர், அவரவர் வயிற்றோடு வந்தவர்கள் என்பது நினைவு வர, உட்கார்ந்திருந்தார்.

ஆலோசகர் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். பக்கங்களின் அடியில் கையெழுத்து இல்லை. இது வைத்தியசாலைக் கோப்பில் சேர வேண்டும், எழுதியவர் ஒரு கையெழுத்தாவது வைக்க வேண்டும் என்றார்.

விமலராஜின் கை பழக்கத்தில் சட்டைப்பைக்குப் போனது. நீலப் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, குறிப்பேட்டைத் தன் பக்கம் இழுத்தார். தயானி அதன் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"நான் எழுதினது அண்ணை. நான் வைக்கிறன்."

அவர் பேனாவைத் திருப்பிப் பிடித்து அவளிடம் கொடுத்தார். விரலால் இடம் காட்டப் போனவர், விரலை மடக்கிக்கொண்டார். தயானி முதலில் பதினான்காம் நாளை மேலிருந்து கீழ்வரை ஒரு தரம் வாசித்தாள். பிறகு, கோடும் அலையும் போடாமல், ஒவ்வொரு எழுத்தாக, தமிழில், முழுப் பெயரையும் எழுதினாள்: தயானி பாலசுந்தரம். அதற்குப் பக்கத்தில் திகதியையும் அவளே போட்டாள்: 2024 பங்குனி 11, திங்கட்கிழமை.